ராணியின் வலது பக்கம்

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பூனைக்காக ஐந்து போட்டோவில் ஐந்து பொய் சொன்னவன் நான்.

சித்தூரில் மாங்கூழ் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபோது, பழக்கூடைகளுக்கு நடுவே அந்தக் குட்டியைக் கண்டெடுத்தேன். இடது கண்ணில் சீழ் பிடித்திருந்தது. டாக்டரால் உயிரைத்தான் காப்பாற்ற முடிந்தது. ராணி என்று பெயர் வைத்தேன். வீட்டு ஓனரோ ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார் (பூனையையா, என்னையா என்று கேட்க தைரியம் வரவில்லை).

வாட்ஸ்அப்பில் செய்தி போட்டேன். ஆறு பேர் ஆசையாக வந்தார்கள். கண்ணைப் பார்த்ததும் ஆறு பேருக்கும் அவசர வேலை வந்துவிட்டது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது (சும்மா இருந்திருக்கலாம்). வலது பக்கமிருந்து மட்டும் ஐந்து படம் எடுத்து மறுபடி போட்டேன். திருப்பதியில் தையல் கடை வைத்துத் தனியாக இருக்கும் சரோஜா அக்கா உடனே போன் செய்தார்.

"நெசமாவே ராணிதாம்ப்பா. இட்டுக்கினு வா."

மூடி போட்ட கூடையில் ராணியை வைத்து பஸ் ஏறினேன். கடையில், துணி வெட்டும் மேசைமேல், இடது கண் சுவரைப் பார்க்கும்படி உட்கார வைத்தேன். ராணி தலையைத் திருப்பும்போதெல்லாம் நானும் குறுக்கே நகர்ந்தேன்.

"இன்னாப்பா, கோயில் சுத்தற மாதிரி சுத்திக்கினே கீற?"

"பஸ்ல வந்த மயக்கங்க்கா. பூனைக்கு."

"எனுக்கு உன்னப் பாத்தாதான் பயமா கீது. ஒக்காரு, காபி துன்னுட்டு... ச்சே, குடிச்சிட்டுப் போ."

டம்ளரை மேசையில், ராணிக்கு இடப்பக்கம் வைத்தார். ராணி சோம்பல் முறித்து அந்தப் பக்கமே நடந்தது. மறுநாள் முகூர்த்தத்துக்குத் தைத்து வைத்திருந்த பட்டு ரவிக்கை முழுக்கக் காபி.

"கண்ணு தெரியாமப் பண்ணிடுச்சுக்கா!" என்று கத்திவிட்டேன்.

சரோஜா அக்கா ராணியின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கக்கா. சொன்னா யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்க. திருப்பி இட்டுக்கினு போயிடறேன்."

மூடிய அந்தக் கண்ணின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, மொதல்லயே சொல்லியிருந்தா டம்ளரை அந்தப் பக்கம் வெச்சிருப்பனா நானு?"

ரவிக்கையை அலசும் வேலை எனக்கு வந்தது. போகாத கறைமேல் அவர் ஜரிகைப் பூ ஒன்று தைத்தார், மடியில் தூங்கிய ராணியை எழுப்பாமல்.

போன வருஷம் எனக்குப் பெண் பார்க்கப் புத்தூர் போனோம். உட்கார்ந்ததுமே என் நைனா (அப்பாவுக்கு இந்தக் கதை மனப்பாடம்) பெண்ணின் அப்பாவிடம், "பையன ரெண்டு பக்கமும் நல்லாப் பாத்துக்கோங்க சார். போட்டோவ நம்பாதீங்க" என்றார். அவர்கள் திருதிருவென விழிக்க, முழுக் கதையையும் நானே சொல்ல வேண்டியதாயிற்று. முடித்ததும் உள்ளறையிலிருந்து பெண்ணின் குரல் மட்டும் வந்தது.

"இப்ப அந்தப் பூனை எப்படி கீது?"

கல்யாணம் அந்த நிமிஷமே முடிவாகிவிட்டது என்று நைனா இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.