நார்மன் டாட்ஸுக்கு ஒரு நன்மை

குணம் வளர்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. தன்னுடைய குணத்தையா என்று கேட்காதீர்கள். அது வளர்ந்து முடிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இவர் வளர்ப்பது அடுத்தவருடையதை.

ஆண்பிள்ளைகள் மட்டும் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடம் எங்கே இருந்தாலும் அங்கே இவர் ஒருவராவது இருப்பார். வட இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் நார்தம்பர்லாந்துப் பள்ளியில் இவருக்கு லாங்ஸ்டாஃப் என்று பெயர். விடுதி மாஸ்டர். நான் அங்கே சமையல்காரி. ஜனவரியில் பச்சைத் தண்ணீர்க் குளியல், உறைபனியில் ஐந்து மைல் ஓட்டம், ஜன்னலைச் சாத்தக் கூடாது, இரண்டாவது கம்பளி கேட்கக் கூடாது, கஞ்சிக்குச் சர்க்கரை கூடவே கூடாது, ஏனென்றால் சர்க்கரை குணத்தைக் கெடுக்கும் என்று இவர் போட்ட சட்டங்களைச் சொல்லிக்கொண்டே போகலாம். பையன்கள் ஓடும்போது இவர் பின்னால் காரில் வருவார். மழை வலுத்தால் கண்ணாடியை இரண்டு விரற்கடை இறக்கி, "நல்ல மழைடா, விட்டுடாதீங்க" என்பார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிடுவார்.

புதன்கிழமை மதியம் சமூக சேவை. ஆளுக்கு மூன்று வீடு வைத்திருக்கும் அப்பாக்களின் பிள்ளைகளுக்குப் பணிவு வர வேண்டுமானால், கஷ்டப்படுகிறவர்கள் யாராவது வேண்டுமல்லவா? அங்கேதான் சிக்கல். எங்கள் ஊரில் சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகியும், லாங்ஸ்டாஃப் எதிர்பார்த்த அளவுக்கு யாரும் நொடித்துப்போகவில்லை. விதவை மிஸஸ் ஹெஸ்லப் வீட்டு ஜன்னல்களை ஒரே மாதத்தில் மூன்று கோஷ்டிகள் துடைத்துவிட்டன. "தேவை தானா வந்து நிக்காது, நாமதான் தேடிப் போகணும்" என்பார் இவர். போன செப்டம்பரில் தேடிக்கொண்டு நார்மன் டாட்ஸ் வீட்டுக்குப் போனார்.

நார்மன் பழைய சுரங்கத் தொழிலாளி, எழுபத்தெட்டு வயது, தனி ஆள். வீட்டுக்குப் பின்னால் லீக்ஸ் வளர்க்கிறார். வெங்காயத் தாளுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் அந்தக் காயை எங்கள் பக்கத்து ஆண்கள் சாப்பிடுவதற்காக வளர்ப்பதில்லை. கண்காட்சியில் ஜெயிப்பதற்காக வளர்க்கிறார்கள். மூன்று செடி வைக்க வேண்டும், மூன்றும் ஒன்றுபோல் தொடை பருமன் இருக்க வேண்டும். டிசம்பரில் விதைத்து, தண்டு வெளுக்கப் பட்டை கட்டி, காலையும் மாலையும் நாடா பிடித்து அளந்து, பெற்ற பிள்ளைகளைவிடப் பத்திரமாக வளர்ப்பார்கள். நார்மன் நான்கு வருஷம் தொடர்ந்து இரண்டாவது வந்தவர். இந்த வருஷம் முதல் பரிசு அவருக்குத்தான் என்று ஊரே சொன்னது. முட்டி போய்விட்டதால் இதுதான் கடைசி என்று அவரே சொன்னார். கண்காட்சி சனிக்கிழமை.

புதன்கிழமை மதியம் பெயர் பதிய அவர் கிளப்புக்குப் போயிருந்தார். தோட்டத்துக் கதவு சும்மா சாத்தியிருந்தது. லாங்ஸ்டாஃப் உள்ளே எட்டிப் பார்த்து, முற்றிப்போன மூன்று காய்களைக் கண்டார். "பாவம், பறிக்கக்கூட ஆளில்ல" என்றார்.

கூட வந்த பன்னிரண்டு பையன்கள் பறித்தார்கள். அங்கேயே வட்டம் வட்டமாக நறுக்கி வாளியில் போட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். முழுசாக வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும், நானும் இந்த ஊர்க்காரிதானே. வட்டங்கள் தட்டுத் தட்டாக இருந்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வெண்ணெய் போட்டு, உருளைக்கிழங்கு சேர்த்து அருமையாகச் சூப் வைத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சூப் நார்மனுக்கு என்றார்கள்; பானை கனமாக இருந்ததால் நானும் பையன்களோடு போனேன். நார்மன் அப்போதுதான் வீடு திரும்பி, கோட்டுகூடக் கழற்றாமல் இருந்தார். பையன்களுக்குத் தலைவன் ஃபெரர்ஸ் கிண்ணத்தை நீட்டினான். அவர் நன்றி சொல்லி ஒரு வாய் குடித்தார்.

"ஏது தம்பி லீக்ஸ்?"

"உங்க தோட்டத்துதான் சார். நாங்களே பறிச்சோம்."

நார்மன் பின் ஜன்னல் வழியே தோட்டத்தைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. கிண்ணத்தைப் பிடுங்கப் போனேன். அவர் விடவில்லை.

"இரும்மா. முதல் பரிசு எப்படி ருசிக்கும்னு நானும் தெரிஞ்சுக்கணும்ல?"

முழுவதையும் குடித்தார். ஃபெரர்ஸ் நீட்டிய சேவைத் தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அதில் 'இன்று நான் கற்றது' என்ற இடத்தில் பையன் எழுதியிருந்தது: 'ஏழைகளிடம் பெரிய காய்கறிகள் இருக்கின்றன. சமைக்கத்தான் தெரியவில்லை.'

லாங்ஸ்டாஃபிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தார். வருந்துகிறார் என்றுதான் நினைத்தேன். "இழப்பு மாதிரி குணத்தை வளர்க்கிறது வேற எதுவுமில்ல. இந்த வயசுல யாருக்குக் கிடைக்கும்?" என்றார். அடுத்த புதன்கிழமை மன்னிப்புக் கேட்கப் பன்னிரண்டு பேரையும் அனுப்பினார். அதுவும் சேவைக் கணக்கில் இரண்டு மணி நேரம்.

அவர்கள் கதவைத் தட்டியபோது நானும் உள்ளேதான் இருந்தேன், நார்மனுக்கு இறைச்சி அடைத்துச் சுட்ட பலகாரம் கொண்டுபோயிருந்தேன். அவர் சட்டென்று ரேடியோவை அணைத்தார். இரண்டு பேரும் சமையலறைத் தரையில், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். அவர்கள் பொறுமையாகத் தட்டினார்கள். பொறுமை அங்கே முதல் வருஷத்திலேயே கற்றுத்தரப்படுகிறது.

நீங்கள் நல்லவர், எனக்குத் தெரியும். யாருக்காவது நல்லது செய்யக் கிளம்பியிருப்பீர்கள், கையில் பாத்திரம்கூட இருக்கலாம். தட்டியதும் உள்ளே பேச்சுக் குரல் நின்றுவிட்டால், பாவம், காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று பலமாகத் தட்டாதீர்கள். நன்றாகவே கேட்கிறது. நீங்கள் போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.