ஜலீலுக்கு நான் கொடுத்த ஆதரவு

ஒருவரை எதிர்ப்பது சுலபம். ஆதரிப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும். முதலாவதைப் பள்ளிக்கூட நாளிலிருந்தே செய்துவருகிறேன். இரண்டாவதை ஒரே ஒருமுறைதான் செய்து பார்த்தேன்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரி. அதன் தமிழ்த்துறையில் நான் மார்க்சியன், ஜலீல் பின்நவீனத்துவவாதி. காலை பஸ்ஸில் ஏறியதும் ஆரம்பிப்போம். சன்னலுக்கு வெளியே மக்காச்சோளம் ஓடும், பருத்தி ஓடும், சுண்ணாம்புக்கல் லாரிகள் வெள்ளைத் தூசியை வாரி இறைத்துக்கொண்டு ஓடும்.

"உண்மை ஒண்ணுதான்னு யாரு தோழர் சொன்னா?" என்பார் ஜலீல்.

"பட்டினி எத்தனைங்க? அதுக்கும் பல வாசிப்பு வச்சிருக்கீங்களா?" என்பேன்.

கண்டக்டர் ஒருநாள் எங்களை ஆளுக்கொரு மூலையில் உட்காரவைத்துப் பார்த்தார். நடுவில் இருந்தவர்களுக்குக் காது வலித்ததுதான் மிச்சம்.

அந்த ஜலீலுக்கு வேலை போகப் பார்த்தது. எந்த வரலாறும் யாரோ ஒருவர் சொல்லும் கதைதான் என்று கோட்பாட்டு வகுப்பில் விளக்கியவர், கல்லூரி நிறுவனரின் வாழ்க்கையை வேறு வேறு வாயால் எழுதிவரச் சொல்லியிருந்தார். ஒரு மாணவி, நிறுவனர் வளர்த்த எருமை சொல்வதாக எழுதிவிட்டாள். நன்றாகவும் எழுதிவிட்டாள் (அதுதான் வினை). அது எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் மேய்ந்துவிட்டு, நிறுவனரின் மகனான தாளாளரிடம் வந்து படுத்துக்கொண்டது. விசாரணை வைத்தார்கள்.

வேலை போனால் ஜலீலுக்கு துபாய்தான். அவர் ஊரான லெப்பைக்குடிக்காட்டில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கேதான் பிழைப்பு. மாமா தன் கடையில் இடம் ஒதுக்கிக் காத்திருந்தார். "இனிமே பேரீச்சம்பழத்துக்குத்தான் தோழர் கோட்பாடு சொல்லணும்" என்று சிரித்தார் ஜலீல். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. பாடம் நடத்துவதைத் தவிர வேறெதையும் விரும்பாத மனிதர்.

நான் ஆசிரியர் சங்கச் செயலாளர். சங்கத்தைக் கூட்டினேன்.

"நம்ம சங்கத்தையே பழங்கதைன்னு சொல்றவரு. அவருக்காக நாம ஏன் சார் நிக்கணும்?" என்று ஒருவர் கேட்டார்.

"இன்னிக்கி அவரு வாய அடைச்சா நாளைக்கி நம்ம வாய்" என்றேன். கை தட்டினார்கள். விமர்சனத்துடன் கூடிய ஆதரவு என்று முடிவானது. (எங்கள் ஆட்களிடம் ஆதரவு தனியாக வாசல் தாண்டாது, விமர்சனம் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போக வேண்டும்.)

விசாரணை அறையில் தாளாளர், முதல்வர், ஓரத்தில் ஜலீல். "பத்து நிமிஷம் பேசுங்க சார்" என்றார் தாளாளர்.

எழுந்தேன். உடம்பெல்லாம் மின்சாரம். முறைப்படி விமர்சனத்தில் தொடங்கினேன். ஜலீலின் கருத்துகள் போராட்டத்தை எப்படி நீர்க்கச் செய்கின்றன, சந்தைக்கு எப்படிச் சேவகம் செய்கின்றன... பஸ்ஸில் பாதியில் விட்டு இறங்கிய வாதங்களெல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தன. பஸ்ஸில் என்றால் ஜலீல் குறுக்கே பேசுவார். இங்கே பேச முடியாது. அந்தச் சுகம் இருக்கிறதே, அது தலைக்கேறிவிட்டது. முதல்வர் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். அவருக்கு வசதியாக நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். "பிள்ளைகளிடமிருந்து நம்பிக்கையைப் பிடுங்கிக்கொண்டு சந்தேகத்தைக் கொடுக்கிறார்" என்று முழங்கிவிட்டு, ஆதரவைத் தொடங்குமுன் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

தாளாளர் கையைக் காட்டினார். "போதும் சார், நேரமாயிட்டு. நான் எருமைய மட்டுந்தான் பெருசா நெனச்சேன். இவ்ளோ இருக்கா? ஆள வேலைய விட்டு எடுத்துடலாம்."

ஜலீலைப் பார்த்தேன். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. விமான நிலையம் இருந்தது.

"எடுக்கக் கூடாதுங்க" என்றேன். குரல் கிறீச்சிட்டது.

"இப்பத்தான சார் நீங்களே சொன்னீங்க?"

"அவரு சொல்றது தப்புங்க. அத தப்புன்னு காட்ட அவரு இங்க இருக்கணும்ங்க. அனுப்பிட்டா நான் யார ஜெயிக்கிறது? வாதத்துல தோத்தாருன்னா சரி. தொரத்திவிட்டா அவரும் தோக்கல, நானும் ஜெயிக்கலங்க. நாளைக்கி என்னையும் தொரத்தலாம்னு பழகிடும்."

என் ஆதரவு மொத்தமே அவ்வளவுதான். தாளாளர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சரி, இருக்கட்டும். ஆனா அந்தக் கோட்பாட்டு வகுப்பு அவருக்கு வேணாம். அக்குவேறா ஆணிவேறா பிரிச்சி வச்சீங்கள்ல, இனிமே நீங்களே எடுங்க."

இன்றுவரை அந்தக் கல்லூரியில் பின்நவீனத்துவம் நடத்துபவன் நான்தான். காலை பஸ்ஸில் அதை எனக்குச் சொல்லித்தருபவர் ஜலீல். "தோழர், இந்தப் பக்கத்தயாவது திட்டாம நடத்துங்க" என்று கெஞ்சுவார். முடிந்தவரை முயல்கிறேன்.

கதை வீட்டுக்கு வந்ததுதான் பெரிய சேதம். போன மாதம் எங்கள் தெருச் சாக்கடைக்காக என் மனைவி நகராட்சி ஆட்களிடம் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருந்தாள். துணைக்குப் போகலாமென்று சட்டையை மாட்டினேன். மகள் கதவை மறித்துக்கொண்டாள்.

"அம்மாவுக்கு ஆதரவா பேசப் போறீங்களாப்பா?"

"ஆமா."

"வேணாம்பா. அம்மா ஜெயிச்சிட்டு இருக்காங்க."