உருண்டை மவுஸுக்கு வைத்த பொட்டு

படித்தவன் கடைக்குப் போனால் களைப்பு கடைக்காரருக்குத்தான். எங்கள் வீட்டில் முதன்முதலாக ஏ.எல். வரை படித்தவன் நான் என்பதால், அந்தக் களைப்பைப் பதுளைக்குக் கொண்டுபோகும் பொறுப்பு எனக்கே வந்தது.

ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், உரமூட்டை அடுக்கியிருந்த அறையைப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கேட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் கம்ப்யூட்டர் ஓடினால் அறை உங்களுக்கு, இல்லாவிட்டால் மறுபடி உரத்துக்கு என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். யாரோ கழித்துக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. மவுஸ் மட்டும் இல்லை.

கடைக்கார நானா மூன்று விதம் எடுத்து வைத்தார். ஒயர் இல்லாதது ஒன்று, தட்டை வாய் யூஎஸ்பி ஒன்று, தூசி படிந்த பழசு ஒன்று. பழசுக்கு வட்டத் தலையில் ஊசி ஊசியாக பீஎஸ் டூ முனை, வயிற்றில் ரப்பர் உருண்டை. நான் விரிவுரையைத் தொடங்கினேன். ஒயர் இல்லாததற்கும் யூஎஸ்பி துளைதான் வேண்டும், எங்கள் மெஷினில் அது செத்துப்போய்விட்டது, வட்டத் துளைதான் மிச்சம் என்றேன்.

"அப்ப யூஎஸ்பிய வாங்கி, முனையில இந்தக் கன்வேர்ட்டரப் போடுங்க தம்பி. லைட்டுல ஓடுறது. உருண்டையில அழுக்குப் புடிக்கும்."

"நேராப் பேசி முடிக்கிற கல்யாணத்துக்குத் தரகர் எதுக்கு நானா?" என்றேன். (எங்கள் லயத்து வீடுகளையே அழுக்கு என்று சொல்லிவிட்டதாகவும் எனக்குப் பட்டது.) உருண்டையோடு வீறாப்பாக பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டிருந்தது. திரையில் அம்பு ஒரு துள்ளு துள்ளி நின்றுவிட்டது. "கனெக்ஷன்" என்று அறிவித்துவிட்டு மேசைக்கடியில் புகுந்தேன். பீஎஸ் டூவை ஓடும்போது கழற்றி மாட்டினால் கம்ப்யூட்டர் மதிக்காது. ஒவ்வொரு தடவையும் அணைத்துத்தான் எழுப்ப வேண்டும். அது எழும்புவதற்குள் கொழுந்து நிறுத்து முடித்துவிடலாம். நான் மேசைக்கடியிலிருந்தே ஊசிகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை உரமூட்டை தூக்க ஆள் அனுப்பினார்.

அம்மாதான் மவுஸைப் புரட்டிப் பார்த்தார். "இதென்ன, சந்தனமா?"

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படி? மேல வச்சா இவன் கை பட்டு அழிஞ்சிரும். அடியில நெத்தி மாதிரி உருண்டையா இருந்துச்சு, வச்சேன்."

மூடியைத் திருகினேன். உள்ளே சந்தனக்காப்பே நடந்திருந்தது. உருண்டை என் கையிலிருந்து வழுக்கி, படியிறங்கி, தண்ணீர்க் கானில் குதித்து, தேயிலைக்குள் போய்விட்டது. ஒரு கொழுந்தைக்கூடத் தவறவிடாத பெண்கள் நிரை நிரையாகத் தேடியும் கிடைக்கவில்லை.

அதற்குள் முதல் மூட்டை வாசலுக்கு வந்துவிட்டது. "மவுஸ் இல்லாமலே ஓடும் ஐயா," என்றேன். வெறும் கீபோர்டைத் தட்டித் தட்டியே கணக்கப்பிள்ளையின் பெயரைத் திரை நிறையக் கொண்டுவந்தேன். அவர் கண்ணாடியை மாட்டி வாசித்தார். மறுபடியும் வாசித்தார். மூட்டை வந்த வழியே போனது.

அங்கே படித்த பிள்ளைகள் இன்றைக்கும் மவுஸைத் தொடாமலே என்னைவிட வேகமாக வேலை செய்கிறார்கள். ஆகவே நான் வாங்கியது சரிதான். கனெக்ஷனில் ஒரு குறையும் இல்லை. வீட்டில்தான் ஒத்துக்கொள்ள ஆளில்லை. போன மாதம் ரைஸ் குக்கர் வாங்கி வந்தேன். அப்பா சந்தனக் கிண்ணத்தோடு எழுந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கேட்டார்:

"அடியில உருண்டை கிருண்டை ஏதும் இருக்காப்பா?"