சிந்தாக் கோப்பைப் படலம்

மூன்று கடலும் வந்து கால் தொடும் தென்கோடியில், பழையாறு பாய்ந்து வயல் செழிக்கும் நாஞ்சில் வளநாட்டில், பூதப்பாண்டிப் பேரூரின் மாடியில்லா வீடொன்றுக்கு மன்னனாய், வேளாண்மை அலுவலகக் கோப்புகளுக்குக் காவலனாய், தாணப்பன் பெற்ற தவப்புதல்வனாய், எப்பாத்திரத்தின் விளிம்பிலும் இதழ் படாது அண்ணாந்தே அருந்தும் அருங்குலத்தின் கொழுந்தாய் விளங்கும் அனில்குமாரே, வாழி! நின் கொற்றம் வாழி! நீ வாங்கிய கோப்பைகள் மூன்றும், அவற்றை வாங்கியதற்காக நீ வாங்கிக் கட்டிக்கொண்டதும் வாழி!

கொதிக்கும் காப்பியே ஆயினும் முகத்துக்கு அரை முழம் மேலே தூக்கி, அருவியென இறக்கி, சட்டையில் ஒரு துளி சிதறாமல், தொண்டைக்குமிழ் ஏறி இறங்கக் குடித்து முடித்து, டம்ளரை வைத்த பிறகே மூச்சு விடுவது அவ்வீட்டார் வழக்கம். வாய் வைத்தால் எச்சில் என்பது அங்கே எழுதாச் சட்டம். நாகர்கோவில் டீக்கடைகளில் அனில்குமார் டீ குடிப்பதைப் பார்க்கவே இரண்டு பேர் தங்கள் டீயை ஆற விட்டிருக்கிறார்கள்.

அத்தகு மாவீரனைப் போருக்கு இழுத்தது மண்ணாசையன்று, பொன்னாசையன்று. ஒரு நிப்பிள் பாட்டில். அதைப் படுத்தபடி சுவைத்து, கால்மேல் கால் போட்டு உலகை ஆண்டுகொண்டிருந்தான் அவன் மகன் சிவதாணு. வயது ஒன்றேகால். பூட்டனின் பெயரைச் சூடியதால் உடம்பைவிடப் பெயர் கனத்த பாலகன்.

அவன் அன்னை சுஜா, நாகர்கோவில் மருத்துவமனை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஆறாண்டு அயலார் இரத்தத்தைத் துளித்துளியாய் ஆராய்ந்தவள். பேறுகாலத்துக்கு வேலையை விட்டு வந்தவளை அம்மருத்துவமனை திரும்ப அழைத்திருந்தது: திங்கட்கிழமை வந்தால் வேலை உண்டு, வராவிட்டால் வேறு ஆள். புதன்கிழமையே வெள்ளைக் கோட்டைத் தேய்த்து ஆணியில் மாட்டிவிட்டாள் சுஜா. நாலு சுவருக்குள் இருந்து இருந்து தன் பெயரே தனக்கு மறந்துவிடும்போல் இருக்கிறது என்று அவள் ஒருநாள் சொன்னது அனில்குமார் நெஞ்சில் அப்படியே கிடந்தது. எப்படியாவது இவளை வேலைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று அவனுக்கு உள்ளூரத் தவிப்பு.

ஆனால் இடையே நின்றாள் ஷிபா. குழித்துறையில் பிறந்து பூதப்பாண்டியில் வாழ்க்கைப்பட்டு, பன்னிரண்டு மழலைகளைப் பகலெல்லாம் காக்கும் காப்பகத்தின் தலைவி. இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாய்ப் பிள்ளைகளை ஏந்தி அவள் முழங்கினாள்:

“நிப்பிள் பாட்டில் இஞ்ச கொண்டாரப்பிடாது. கப்புல தானா வெள்ளம் குடிக்கணும். இல்லேண்ணா பிள்ளையை எடுக்க மாட்டோம், கேட்டியளா?”

கேட்டார்கள். இருந்தது நான்கே நாள்.

வியாழன் மாலை, பைக் என்னும் பரியேறி நாகர்கோவில் புகுந்தான் அனில்குமார். குழந்தைப் பொருள் விற்கும் கடையொன்றின் படைக்கலச் சாலையில், அடுக்கடுக்காய் அணிவகுத்து நின்றன சிப்பர் என்னும் மழலைக் கோப்பைகள். வாத்து அலகாய் மூக்கு நீண்டவை, துதிக்கையாய் உறிஞ்சுகுழல் சுருண்டவை, இருபுறமும் காது முளைத்தவை, காதே இல்லாதவை, தட்டிவிட்டாலும் தள்ளாடி எழுபவை, எப்பக்கம் கடித்தாலும் நீர் தருபவை, எதற்கென்று விற்பவனுக்கே தெரியாதவை. மறுமுனையில் கைபேசி வழியே சுஜா இட்ட ஆணை ஒன்றே: “சிந்தப்பிடாது. மத்தது உங்க இஷ்டம்.”

விற்பனையாளன் ஸ்டெனி புன்முறுவல் பூத்து, வாத்துமூக்குக் கோப்பையில் நீர் நிறைத்து, அனில்குமாரின் வெள்ளைச் சட்டைக்கு நேர் மேலே பிடித்து உலுக்கினான். “கமத்திப் பாருங்கண்ணே, ஒரு துளி விழாது. உள்ள வால்வு இருக்கு. வாய் வச்சு உறிஞ்சினாத்தான் வரும்.” சட்டை நனையவில்லை. அந்த வியப்பிலேயே சொக்கிப்போன நம் தலைவன், ஸ்டெனி கடைசியாகச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

முதற்போர் நடுக்கூடத்தில் நிகழ்ந்தது. கோப்பையைப் பெற்றான் சிவதாணு. காதிரண்டையும் பற்றினான். தலைக்கு மேல் உயர்த்தினான். முகத்தை வானோக்கித் திருப்பி, நாலு பல்லும் தெரிய வாய் பிளந்து, அசையாமல் நின்றான். ‘எறியுமுன் ஆயுதத்தை விண்ணவர்க்குக் காட்டுகிறான் போலும்’ என்று தந்தை எண்ணி முடிக்குமுன், வீறிட்ட குரலும் விட்டெறிந்த கோப்பையும் ஒருங்கே வந்தன. பின்னது நெற்றியில் பட்டது.

வெள்ளியன்று துதிக்கைக் கோப்பை வந்தது. அதுவும் உயர்ந்தது, அதற்கும் வாய் பிளந்தது, அதுவும் பறந்தது. சனியன்று எப்பக்கமும் நீர் தரும் கோப்பை வந்து எப்பக்கமும் தராமல் சன்னல் வழியே வாழைமூட்டில் வீழ்ந்தது. “குடி மக்கா, குடி மக்கா” என்று கெஞ்சிக் கெஞ்சி அனில்குமாரின் தொண்டை கட்டியது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பழைய நிப்பிள் பாட்டிலே அரியணை ஏறியது.

ஞாயிறு காலை சுஜா ஆணியிலிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து மடித்தாள். அந்த மடிப்பு அனில்குமாரை மூன்று கோப்பையும் சேர்ந்து அடித்ததைவிட அதிகமாய் அடித்தது. தவறு தன் தேர்வில்தான் என்று நம்பி, நான்காவது கோப்பைக்குப் புறப்பட்டான். புறப்படுமுன் தாகம் எடுக்கவே, அடுக்களை வாசலில் நின்று செம்பைத் தூக்கி, அண்ணாந்து, அருவி இறக்கினான். காலடியில் சிவதாணு கீழே கிடந்த வாத்துக் கோப்பையைத் தூக்கினான். அண்ணாந்தான். வாய் பிளந்தான். காத்திருந்தான்.

சுஜாவின் கையிலிருந்து கோட்டு நழுவியது.

“இஞ்ச பாத்தியளா! அவன் எறியதுக்குத் தூக்கல்ல. உங்கள மாதிரில்லா குடிக்கான்!”

ஆகா! படுத்துக் குடிப்பது பாட்டிலை, நின்று குடிப்பதானால் தூக்கித்தான் என்று தெளிவாய்க் கற்றிருந்தான் அக்குலக்கொழுந்து. தூக்கினால் நீர் விழ வேண்டும். விழாதபடி செய்வதற்கென்றே உலகத்து அறிஞரெல்லாம் கூடி வால்வு வைத்த கோப்பையைத் தேடித்தேடி வாங்கி வந்திருந்தான் தந்தை. மூன்று நாளாய்ப் பிள்ளை அடம்பிடிக்கவில்லை, தாகத்தோடு வானம் பார்த்து நின்றிருக்கிறான். அதை நினைத்ததும் அனில்குமார் குனிந்து பிள்ளையின் தலையைத் தடவினான். சுஜாவோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் தீர்ப்பு உரைத்தாள்:

“நீங்க வாய் வச்சுக் குடிச்சுக் காட்டுங்கோ.”

“நானா?”

“பின்ன நானா? அவன் உங்களைத்தானே பாக்கான்!”

இடி விழுந்தது போல் நின்றான் வீரன். முப்பத்து நான்கு ஆண்டுகள் எவ்விளிம்பையும் தொடாத இதழ்! அதுவும் மஞ்சள் வாத்து சிரிக்கும் கோப்பையில்! முன்னறையில் செய்தித்தாளை விரித்திருந்த தந்தை தாணப்பன் கண்ணாடியைத் தாழ்த்தி இப்பக்கம் பார்த்தார். மேலே படச் சட்டங்களுக்குள்ளிருந்து முன்னோர் மூவர் பார்த்தனர். கீழே மடிப்புக் கலைந்து கிடந்தது வெள்ளைக் கோட்டு. அனில்குமார் அதை ஒருமுறை பார்த்தான். பிறகு வேறு எதையும் பார்க்கவில்லை. சப்பணமிட்டு அமர்ந்தான், கண்ணை இறுக மூடினான், வாத்தின் அலகைக் கவ்வினான், உறிஞ்சினான். நீர் வந்தது!

செய்தித்தாள் மடங்கும் ஓசை கேட்டது. தாணப்பன் எழுந்து வெளியே போய்விட்டார்.

சிவதாணு தந்தையின் வாயைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான், மறுபடி வாயைப் பார்த்தான். இப்படியும் குடிக்கலாமா என்று கெக்கலித்துச் சிரித்தான். பிடுங்கினான். கவ்வினான். ‘சளக்’ என்றொரு ஓசை. அடுத்து இன்னொன்று. கோப்பை காலியாகும் வரை பெற்றோர் இருவரும் மூச்சு விடவில்லை. சுஜா குனிந்து கோட்டை எடுத்து உதறி, மறுபடி தேய்க்கப் போனாள்.

திங்கள் புலர்ந்தது. வெள்ளைக் கோட்டு கவசமாய்க் கைப்பைக்குள் ஒளிர, அடையாள அட்டை ஆரமாய் மார்பில் துலங்க, ஷிபாவின் வாயிலில் இறக்கிவிட்ட சிவதாணு கோப்பையை ஆட்டியபடி அன்னையைத் திரும்பியும் பாராமல் உள்ளே நடக்க, கலங்கிய கண்ணைக் கலங்காத கண்போல் துடைத்துக்கொண்டு சுஜா சாலையேற, வழியனுப்ப வந்த வெற்றி வேந்தன் அனில்குமார் பைக்கில் ஒரு கால் ஊன்றி நிற்க, எண்திசை யானைகளும் பிளிறத் துதிக்கை உயர்த்த, விண்ணவர் மலர்க்கூடைகளோடு மேகம் விலக்கிக் காத்திருக்க, புழுதி முரசறைந்து வந்து நின்றது நாகர்கோவில் செல்லும் எட்டேகால் பஸ்.

சுஜாவுக்கு உட்கார இடம் கிடைத்தது.