நானாக எடுத்த முடிவு

திங்கட்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சபதம் எடுத்தேன். இந்த வாரம் ஒரு முடிவை நானே எடுக்கப்போகிறேன். என் மனைவியைக் கேட்காமல். வாயில் நுரை இருந்ததால் சபதத்தை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். நுரை இல்லாவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் நானாக எடுத்த முடிவு என்ன என்று யோசித்துப் பார்த்தேன். குளியலறை வாளியின் நிறம் ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அதையும் மறுநாளே அவள் கடையில் கொடுத்து வேறு நிறம் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மாற்றிய நிறம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

என் தொழில் வலைத்தளங்களுக்கு முன்பக்கம் கட்டுவது. நீங்கள் திரையில் பார்க்கிற படம், எழுதுகிற பெட்டி, அமுக்குகிற பட்டன் எல்லாம் என்னைப் போன்றவர்கள் செய்வது. கல்யாணமான புதிதில் இதை அவளுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். அவளுக்குத் தையல் தொழில். வீட்டு முன்னறையில் மூன்று மிஷின் போட்டு, இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துத் தைக்கிறாள். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நீங்களும் பட்டன் வைக்கறவர்தான்" என்றாள். அதற்குப் பிறகு நான் என் தொழிலை யாருக்கும் விளக்குவதில்லை.

சபதத்துக்குக் காரணம் ஆபீஸ். துணி துவைத்துக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றுக்கு நாங்கள் வலைத்தளம் செய்கிறோம். துணி எடுக்க எத்தனை மணிக்கு வரலாம் என்று எழுத ஒரு பெட்டி, அனுப்ப ஒரு பட்டன். இவ்வளவுதான் வேலை. இதை எந்த ஃப்ரேம்வொர்க்கில் செய்வது என்பதை வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குள் நான் சொல்ல வேண்டும் என்றார் எங்கள் மேனேஜர் மேடம். உருப்படியாகச் சொன்னால் நான் குழுத் தலைவர். சொதப்பினால் பக்கத்து சீட் மீசைக்காரர் குழுத் தலைவர். மீசைக்காரர் எதையும் அரை நொடியில் முடிவு செய்வார். தப்பாகத்தான் செய்வார். ஆனால் அரை நொடியில்.

ஃப்ரேம்வொர்க் என்றால் பயப்பட வேண்டாம். பெட்டியையும் பட்டனையும் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து செய்யாமல் இருக்க, யாரோ முன்கூட்டியே கட்டி வைத்த எலும்புக்கூடு. வேலையைச் சுலபமாக்க வந்தது என்பார்கள். நானும் அதை நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

என் முன்னால் மூன்று இருந்தன. பெயர்களைச் சொல்லமாட்டேன். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் ஒன்றின் பெயரை மாற்றியிருப்பார்கள். மூத்தவர், நடுவுலவர், கடைக்குட்டி என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் ஆறு வருஷமாக எங்கள் ஆபீஸில் இருக்கிறார். அவரைத் தெரியாதவர் கிடையாது, திட்டாதவரும் கிடையாது. நடுவுலவர் அதே வேலையைப் பாதி வரியில் செய்வதாகச் சொல்கிறார். மீதிப் பாதியை எங்கே ஒளித்து வைத்தார் என்று கண்டுபிடிக்க ஒரு நாள் பிடிக்கிறது. கடைக்குட்டி பிறந்து மூன்று மாசம்தான். பயங்கர வேகம். ஓடுகிறவரை.

கடைக்குட்டியை என் கணினியில் இறக்கிப் பார்த்தேன். ஒரு பட்டன் போட்டுக் காட்டு என்றேன். முப்பத்தெட்டாயிரம் கோப்புகள் வந்து இறங்கின. "எல்லாம் தயார்" என்று பச்சை எழுத்தில் சொன்னது. அதற்குக் கீழே சிவப்பில் பதினான்கு எச்சரிக்கை. பட்டனை மட்டும் காணவில்லை.

செவ்வாய்க்கிழமை முழுக்கக் கட்டுரைகள் படித்தேன். மூத்தவரின் காலம் முடிந்துவிட்டது என்று காலையில் ஒருவர் எழுதியிருந்தார். அப்படிச் சொல்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று மத்தியானம் ஒருவர் எழுதியிருந்தார். பெயரைப் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே ஆள். சாயங்காலம் இன்னொருவர், ஃப்ரேம்வொர்க்கே தேவையில்லை, எல்லாரும் பழையபடி வெறும் கையால் எழுதுங்கள் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடைசியாகப் பேசுகிறவர் சொல்வது சரி என்று எனக்கு எப்போதும் தோன்றும். பதினோரு வருஷப் பழக்கம், சும்மா விடுமா?

புதன்கிழமை ஒரு அட்டவணை போட்டேன். இருபத்தேழு வரிசை. வேகம், எடை, எதிர்காலம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டிப் பார்த்தால் மூவருக்கும் நூற்று எண்பத்தொன்று. தலை சுற்றியது. பெயர் அழகு என்று இருபத்தெட்டாவது வரிசை சேர்த்தேன். அதிலும் ஆளுக்கு ஏழு போட்டிருந்தேன். எனக்கே என் மேல் கோபம் வந்தது.

அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. அவளைக் கேட்கக் கூடாது என்பதுதானே சபதம்? கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியாமல் கேட்டால்? சாயங்காலம் முன்னறைக்குப் போனேன். வேலைக்கு வரும் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என் சிநேகிதன் ஒருத்தன் தையல் மிஷின் எடுக்கணுமாம். மூணுல எதுன்னு தெரியாம முழிக்கறான்."

"உங்க சிநேகிதரா? தைப்பாரா?"

"இப்பத்தான் ஆர்வம் வந்திருக்கு."

"என்ன தைக்கப் போறார்?"

"ஒரு பெட்டி. ஒரு பட்டன்."

"பெட்டியா?"

"பை. பெட்டி மாதிரி இருக்கற பை."

"சரி, மிஷினைச் சொல்லுங்க."

"முதல் மிஷின் ஆறு வருஷமா அவன்கிட்டயே இருக்கு."

"இருக்கற மிஷினை எதுக்குங்க வாங்கணும்?"

எனக்கே குழம்பிவிட்டது. அதை வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்றுதான் கேட்கிறான் என்று சமாளித்தேன். ரெண்டாவது மிஷின் எப்படி என்றாள். பாதி நூலில் தைக்குமாம் என்றேன். மீதி நூல் எங்கே போகும் என்றாள். அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறான் என்றேன்.

"மூணாவது?"

"ரொம்ப வேகம். ஆனா பிரிச்சா உள்ள முப்பத்தெட்டாயிரம் ஊசி இருக்கு."

மிஷின் நின்றது. அவள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"ஒரு பட்டன் வைக்க முப்பத்தெட்டாயிரம் ஊசி."

"ஆமா."

"எந்த ஊசி எதுக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. ஆனா ஒண்ணை எடுத்தாலும் ஓடாது."

"அவர் தனியா தைக்கறாரா, கூட ஆள் இருக்கா?"

"பன்னிரண்டு பேர்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஒரு பைக்குப் பன்னிரண்டு பேரா என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"அந்தப் பன்னிரண்டு பேருக்கும் எதுல கை பழகியிருக்கு?"

"முதல் மிஷின்ல."

"நடுவுல நின்னுபோனா?"

"அதைத்தான் பிரிச்சு மாட்டத் தெரியும். திட்டிக்கிட்டே மாட்டுவாங்க."

"அப்ப அதையே வச்சுக்கச் சொல்லுங்க. புது மிஷின் மேல ஆசையா இருந்தா ஒரு தலையணை உறை தைச்சுப் பார்க்கட்டும். வாடிக்கைக்காரங்க துணியில கத்துக்க வேண்டாம்."

நான் அடுத்த அறைக்கு ஓடிப்போய் அப்படியே எழுதி வைத்தேன். என் இருபத்தெட்டு வரிசையில், நின்றுபோனால் யார் சரிசெய்வார்கள் என்ற வரிசையே இல்லை. அங்கிருந்தே அவள் குரல் வந்தது. சிநேகிதர் எப்போது முடிவு சொல்ல வேண்டுமாம் என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு என்றேன். சரி என்றாள்.

வியாழக்கிழமை முழுக்க என் மனசாட்சியோடு வாதாடினேன். அவள் சொன்னது தையல் மிஷினைப் பற்றி. அதை ஃப்ரேம்வொர்க்காக மாற்றியது யார்? நான். எனவே முடிவு என்னுடையது. மனசாட்சி ஏதோ முனகியது. அது கடைசியாகப் பேசுவதற்குள் தூங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி. எழுந்து நின்றேன். மூத்தவரே இருக்கட்டும், ஏனென்றால் நின்றுபோனால் சரிசெய்ய நம் எல்லாருக்கும் தெரியும் என்றேன். கடைக்குட்டியை ஆபீஸின் உள்வேலை ஒன்றில் சின்னதாகப் பழகிப் பார்ப்போம், வாடிக்கையாளர் தலையில் பழக வேண்டாம் என்றேன். பேசி முடித்து உட்கார்ந்தேன்.

மேடம் கைதட்டினார். உடனே எல்லாரும் தட்டினார்கள். மீசைக்காரர்கூட மேடத்தின் கையைப் பார்த்துக்கொண்டே தட்டினார். ஆறு வருஷமாக இருப்பதை அப்படியே வைத்துக்கொள்வோம் என்றதற்கு இவ்வளவு கைதட்டலா என்று கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. தட்டும்போது மேடம் கைக்கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தார். அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே என்னைக் குழுத் தலைவர் என்று அறிவித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவெடுத்திருக்கிறேன், அதை யாரும் மறுநாள் கடையில் கொடுத்து மாற்றப்போவதில்லை.

வீட்டுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். முன்னறையில் அவள் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஆபீஸ்ல ஒரு பெரிய முடிவு எடுத்தேன். நானா."

"அப்படியா."

"குழுத் தலைவர் ஆக்கிட்டாங்க. எல்லாரும் கைதட்டினாங்க."

அவள் கை நின்றது. "எவ்வளவு நேரம்?"

இதென்ன கேள்வி என்று விழித்தேன். மனசுக்குள் ஓட்டிப் பார்த்து, அரை நிமிஷம் இருக்கும் என்றேன். அவள் முகம் சுருங்கியது. ஊசியைக் கோட்டிலேயே குத்திவிட்டு போனை எடுத்து ஒரு நம்பரைத் தட்டினாள். எதிர்முனையில் ஹலோ என்றது எங்கள் மேனேஜர் மேடத்தின் குரல்.

"மேடம், உங்க கோட்டு நாளைக்கு ரெடி. ஆனா நேத்து அளவு பார்க்க வந்தப்ப, அவர் பேசி முடிச்சதும் முழுசா ஒரு நிமிஷம் தட்டறோம்னுதானே சொன்னீங்க?"