முதுகில் ஏறிய மாதா

பிள்ளைகளே, ஞானோபதேச வகுப்பில் ‘பரிகாரம்’ என்றால் என்ன என்று கேட்டதற்கு மூன்று பேரும் ‘தண்டனை’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறீர்கள். எழுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை நானும் உங்கள் கட்சிதான்.

அன்று புன்னைக்காயல் கோயிலில் சாமியார் பிரசங்கத்தில் விளக்கினார்: பரிகாரம் என்றால் நீக்குவது. வைத்தியத்துக்கும் அதே சொல். நாட்டு வைத்தியரைப் பரிகாரி என்பது அதனால்தான். நாம் உண்டாக்கிய காயத்துக்கு நாமே மருந்து போடுவதுதான் பரிகாரம். எனக்குப் புல்லரித்தது. (புல்லரித்த அளவுக்குப் புரியவில்லை.)

தூத்துக்குடி ஹார்பரில் குமாஸ்தாவாக இருந்த நான் அங்கே போனது பிரசங்கம் கேட்க அல்ல. உங்கள் அம்மாவை எனக்குப் பேசியிருந்தார்கள். அவள் அப்பா மட்டும், “பையனப் பாத்துட்டுச் சொல்லுதேன்” என்று இழுத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் அவருடைய புது மீன்பிடி வள்ளத்தைச் சாமியார் ஜெபம் சொல்லி மந்திரிக்கப் போகிறார். எனக்கும் அழைப்பு.

முன்கூட்டியே கரைக்குப் போய், வள்ளத்தில் ஒய்யாரமாகச் சாய்ந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால், வள்ளத்தின் பெயராகச் சிவப்பில் எழுதியிருந்த ‘ஆரோக்கிய மாதா’வில் பாதி இழுகிக் கிடந்தது. பெயின்ட் காயவில்லை.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் காலையில் கேட்ட பிரசங்கம் விடவில்லை. யாரும் வருமுன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அடியிலிருந்த பச்சைப் பூச்சும் சேர்ந்து வந்தது. அங்கேயே கிடந்த பிரஷை எடுத்து நானே எழுதினேன். எழுத்தெல்லாம் குளிர்ஜுரம் வந்ததுபோல் நடுங்கின.

ஊர் கூடியது. மாமா, அதாவது உங்கள் அம்மாவின் அப்பா, வள்ளத்தின் பெயரைப் பார்த்தார்.

“ஏலே, ஆருலே இதுல கை வச்சது?”

நான் ஒன்றும் அறியாதவனாய்த் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

பின்னால் ஒரே சிரிப்பு. என் வெள்ளைச் சட்டையின் முதுகில் பாதி மாதா.

“யப்பா, இவுக புண்ணக் காட்டாமலே மருந்து போட்டிருக்காக” என்றாள் உங்கள் அம்மா.

“நாந்தான் மாமா. காயலன்னு தெரியாம சாஞ்சுட்டேன்.”

மாமா என்னைச் சுற்றிவந்து முதுகைப் பார்த்தார். “மாதாவ முதுகுல சொமக்கவன் எங்கன ஓடிரப் போறான். மந்திரிங்க சாமி. கலியாணத்துக்கும் தேதி பாத்துருவோம்.”

நீங்கள் எதையாவது உடைத்துவிட்டு முழிக்கும்போது, “எங்க, முதுகக் காட்டு” என்று அம்மா கேட்பது இதனால்தான்.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு தனியாக வள்ளத்தடிக்குப் போனேன். நான் எழுதிய எழுத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை. அந்த விரலை இந்த முறை எல்லாரும் பார்க்கும்படி சட்டையின் முன்பக்கத்தில் துடைத்துக்கொண்டேன்.