பன்னிரண்டாவது பெயரும் ஒரு துடைப்பமும்

பாரெலி, செயின்ட் வின்சென்ட் தீவு
ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

மதிப்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து நான் வணங்கும் அக்கா ஐவரீனுக்கு,

உன் ஒரே தம்பி ஆஸ்பர்ட் ஸ்டேபிள்டன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், உன் மகள் ஜோடெல், வெள்ளாடு மூவரும் சுகம். கோழிகளில் ஒன்று மட்டும் சுகமில்லாமல் நின்றுகொண்டிருந்தது. சற்றுமுன்தான் அதைச் சாப்பிட்டு முடித்தேன். புரூக்லினில் நீயும், உன் முழங்காலும், நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை சர்ச்சில் எல்லோருக்கும் கேட்கும்படி ஜெபித்தேன். நீ சாமான் அடைத்து அனுப்பிய பீப்பாய் பத்திரமாக வந்து சேர்ந்தது. மீன் பிடிக்கிற ஊருக்கு டின் மீன் அனுப்பியிருக்கிறாயே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டேன்.

நிற்க. போன கடிதத்தில் நீ சிவப்பு மையில் எழுதியிருந்ததை நான் மறக்கவில்லை. செயின்ட் லூசியாவில் நடக்கப்போகிற கரீபியன் வலைப்பந்துப் போட்டிக்கு நம் தீவிலிருந்து போகும் பன்னிரண்டு பேரில் ஜோடெல் பெயர் இருந்தால் அவள் இங்கேயே இருந்து விளையாடட்டும், இல்லாவிட்டால் பத்தாம் தேதி அவளை விமானத்தில் ஏற்றி உன்னிடம் அனுப்ப வேண்டும், இதற்கிடையில் நான் எதிலும் தலையிடக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தாய். விமானச் சீட்டைப் பைபிளுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன். எந்த ஆகமத்தில் என்பதுதான் இப்போதைக்கு நினைவில்லை. தலையிடாத விஷயத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

வலைப்பந்து பற்றி உனக்கே நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீ இந்தத் தீவுக்குக் கோல் கீப்பராக நின்றவள். ஆனாலும் நீ ஆடிக்கொண்டிருந்தாய், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கிறவனுக்குத்தான் முழு ஆட்டமும் தெரியும். ஜமைக்காவிடம் நாம் தோற்ற அந்த ஆட்டத்தில் வித்தியாசம் கொஞ்சம் அதிகம் என்று ஊரில் இன்னும் சிலர் பேசுகிறார்கள். நான் விடுவதில்லை. கடைசி ஐந்து நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆட்டம் சமம் என்று சொல்லிவிடுவேன். எழுபத்தொன்பதில் ட்ரினிடாட்டில் உலகப் போட்டி நடந்து, ட்ரினிடாட்காரிகளும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் ஒரே கோப்பையை மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டார்களே, அப்போது நான் வாழைக்காய்ப் படகில் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கோப்பைக்கு மூன்று சொந்தக்காரர்கள் வந்ததும் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, ஆளுக்குச் சில மாதம் வைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னதே நான்தான். யாரும் அதைப் பேப்பரில் போடவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன்னோடு ஒரே அணியில் ஓடிய வெர்லின் ஸ்னாக்தான் இப்போது கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு கோச். ஜமைக்கா அணியில் இந்த வருஷம் கோல் கீப்பராகத் தென்னை மாதிரி ஒருத்தி வந்திருக்கிறாளாம், அவள் கையைத் தூக்கினால் கம்பத்து உச்சியில் இருக்கிற கோல் வளையமே கண்ணுக்குத் தெரியாதாம். ஜோடெல்லோ உன் உயரம் இல்லை, அவள் அப்பன் உயரம். அதாவது உயரமே இல்லை. கோல் போடுவதுதான் அவள் வேலை என்பதால் உயரமான கைக்கு மேலே பந்தை எறிந்து பழக வேண்டும், அப்படி ஒரு கை நம் ஊரில் கிடையாது. ஒன்று இருந்தது, அதை நீ புரூக்லினுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதனால் வெர்லின் ஒரு நாள் தோட்டம் பெருக்கும் நீளக் கம்புத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நேரே நம் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஆறடி நான்கங்குல ஆள் இந்தப் பக்கத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

"ஆஸ்பர்ட், உனக்கு வேலை ஒண்ணும் இல்லையே?"

"கடல் கொந்தளிப்பா இருக்கு, அதான் படகு எடுக்கல."

"கடல் குட்டை மாதிரி கிடக்குது, எனக்கும் கண்ணு இருக்கு. இந்தா, இதைப் பிடி. ஐவரீன் கை எட்டுற உயரத்துக்குத் தூக்கிக்கிட்டு ஜோடெல் முன்னால நிக்கணும். அவ்வளவுதான். பேசக் கூடாது."

நிற்கத்தான் செய்தேன். ஆனால் அக்கா, ஜமைக்காக்காரி வாயை மூடிக்கொண்டா நிற்பாள்? பிள்ளை அதற்கும் பழக வேண்டாமா? ஆகவே அவள் பந்தை எறியப் போகும் போதெல்லாம், "குட்டி, உனக்கு ஏணி கொண்டாரட்டுமா?" என்று ஜமைக்கா ராகத்தில் கேட்டுவைத்தேன். பதிலுக்கு அவள் பந்தை மட்டும் என் மூக்குக்கு நேரே எறிந்தாள். கோல் கீப்பர் என்பதற்கான எழுத்துப் போட்ட மேல்சட்டையை எனக்கும் மாட்டிவிட்டார்கள், அது பால்குடிப் பிள்ளையின் எச்சில் துணி மாதிரி தாடைக்குக் கீழேயே நின்றுவிட்டது. ஆட்டக்களத்தின் ஓரத்தில் மீன் பொரித்து விற்கும் எஸ்டெல் சும்மா இருப்பாளா?

"ஆஸ்பர்ட், கையில துடைப்பம் இருக்குல்ல, அப்படியே என் கடை முன்னாலயும் பெருக்கிட்டுப் போயேன்!"

"நாட்டுக்காக நிக்கிறேன், எஸ்டெல்."

"நாடு பாவம்யா."

விசில் ஊதுகிறவர்களுக்கும் எனக்கும்தான் சரிவரவில்லை. எதிரியின் காலுக்கும் நம் காலுக்கும் நடுவில் மூன்றடி இருக்க வேண்டுமாம். பாரெலியில் பிறந்து வளர்ந்தவன் யார் மூன்றடி தள்ளி நின்று பேசியிருக்கிறான்? ஒவ்வொரு முறையும் ஊதினார்கள். ஒரு தடவை ஊதிய கோபத்தில் நான் துடைப்பத்தை வீசிய வீச்சில் பந்து சுவரைத் தாண்டிப் போய், கிங்ஸ்டவுன் துறைமுகத்துக்குப் போகிற வாழைக்காய் லாரியில் தார்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டது. லாரி நிற்கவில்லை. அந்தப் பந்து இந்நேரம் கப்பலேறி இங்கிலாந்துக்கே போயிருக்கும். நம் அணியில் யார் யாரோ வெளிநாடு போனதாகச் சொல்லிக்கொள்கிறார்கள், ஒரே அடியில் அனுப்பியவன் நான் ஒருவன்தான்.

இப்படியாக என் பயிற்சியில் பிள்ளை தேறி வந்துகொண்டிருந்தபோது நேற்று சனிக்கிழமை தேர்வு நாள் வந்தது. கிங்ஸ்டவுனிலிருந்து மூன்று தேர்வாளர்கள் வந்து குடைக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு என்னை வீட்டிலேயே இருக்கச் சொல்லி வெர்லின் உத்தரவு. உத்தரவை மதித்து நான் எஸ்டெல் கடைக்குப் பின்னால் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று கோல் கீப்பராக நிற்க ஜார்ஜ்டவுனிலிருந்து வரவேண்டிய நெட்டைப் பெண்ணின் வேன் மழையில் சாலை அரித்துப்போனதால் வந்து சேரவில்லை. வெர்லின் சுற்றும் முற்றும் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டே துடைப்பத்தை என் பக்கம் நீட்டினாள். விதி, அக்கா.

நான் நேர்மையாகத்தான் பிடித்தேன். ஜோடெல் எறிந்த முதல் பந்து துடைப்பத்தில் பட்டு விழுந்தது. அடுத்ததும் அப்படியே. குடைக்கு அடியில் ஒருத்தர் கொட்டாவி விட்டார், இன்னொருத்தர் ஏதோ எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து எனக்குக் கை வலி வந்துவிட்டது. தோளில் பிடித்து முழங்கை வரைக்கும் ஒரு இழுப்பு. துடைப்பம் தானாகவே ஒரு முழம் கீழே வந்துவிட்டது, நான் இறக்கவில்லை. ஜோடெல் கைக்குப் பந்து வந்தது. எறிந்தால் கோல், கண்ணை மூடிக்கொண்டு எறியலாம். அவள் எறியவில்லை. மூன்று வினாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்று உனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வைத்துக்கொண்டே நின்றாள். விசில் ஊதியது, பந்து எதிர் அணிக்குப் போனது, தேர்வாளர்கள் மூவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் அந்தப் பக்கமே திரும்பாமல் என்னையே பார்த்தாள்.

"தூக்குங்க மாமா."

"தூக்கித்தாம்மா இருக்கேன்."

"எங்கம்மா கை அங்கயா எட்டும்?"

"ஏறக்குறைய..."

"அதுக்கு மேல எட்டும். சின்ன வயசுல கீழ நின்னு பாத்திருக்கேன். தூக்குங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க."

எஸ்டெல் சட்டியில் மீன் கருகுகிற வாசனை வந்தது, அவள்கூடத் திருப்பிப் போட மறந்துவிட்டாள். நான் தூக்கினேன், அக்கா. முன்னைவிட உயரமாகவே தூக்கினேன், குதிகாலும் தரையில் இல்லை. அடுத்த பந்து வந்தபோது அவள் முன்னால் வராமல் பின்னால் நகர்ந்து, கோல் வட்டத்தின் ஓரத்தில் நின்று வாங்கி, ஏதோ மேகத்துக்குக் கொடுக்கப் போகிறவள் மாதிரி நேரே மேலே எறிந்தாள். துடைப்பத்தில் ஒரு குச்சிகூட அசையவில்லை. பந்து அதற்கும் மேலே போய், யோசித்து, வளையத்துக்குள் இறங்கியது. அதற்குப் பிறகு எத்தனை போட்டாள் என்று நான் எண்ணவில்லை. அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எண்ண எங்கே நேரம்?

ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர்களில் ஒருத்தர் என்னிடம் வந்து, "ஐயா, நீங்க யாரு?" என்று மரியாதையாகக் கேட்டார். "நான்தான் இந்த அணியோட உயரம்" என்றேன். அசந்துபோய் அதையும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இன்று மாலை ரேடியோவில் பன்னிரண்டு பெயரும் வாசிக்கிறார்கள். பேட்டரி மாற்றச் சொல்லி ஜோடெல் நச்சரிக்கிறாள், இந்தப் பேட்டரி என்னைப் போல, பேச ஆரம்பித்தால் ஓயாது என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, கோழியைக்கூட நான்தான் இரண்டு பங்கும் பார்த்துக்கொண்டேன். பெயர் வருவது நிச்சயம். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். அணியோடு நானும் செயின்ட் லூசியா போக வேண்டியிருக்கும் என்பதால் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கிறேன், அடுத்த பீப்பாயில் பதின்மூன்றாம் நம்பரில் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வைத்து அனுப்பு. பத்தாம் தேதி நீ விமான நிலையத்துக்குப் போய் வீணாகக் காத்திருக்க வேண்டாம். அப்புறம் இங்கே இருக்கிற வீடு ஒரு ஆளுக்குக் கொஞ்சம் பெரிது என்பது உனக்கே தெரியும், அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை.

உன் முழங்காலுக்கு ஜாதிக்காய் எண்ணெய் தடவு. பனியில் தொப்பி இல்லாமல் போகாதே. உன் வீட்டில் ரொட்டியும் வெந்நீரும் குறையாதிருக்க ஆண்டவர் கண் உன்மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் சொல்லைத் தட்டாத தம்பி,
ஆஸ்பர்ட் ஸ்டேபிள்டன்
(அணியின் உயரம்)

பி.கு.: ரேடியோ கேட்டோம். பதினொரு பெயர் வாசித்தார்கள், ஜோடெல் பெயர் அதில் இல்லை. பன்னிரண்டாவதுக்கு வாயைத் திறக்கும்போது பேட்டரி போய்விட்டது. இதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. பதினொன்றில் இல்லை என்றால் பன்னிரண்டாவது அவள்தான், வேறு யாராக இருக்க முடியும்? நான் ஆட்டை இழுத்துக்கொண்டு எஸ்டெல் வீட்டுக்கு விருந்து பேசப் போகிறேன். கடிதத்தை ஜோடெல் ஒட்டிவிடுவாள்.

அம்மா, நான் ஜோடெல். ஒட்டுவதற்கு முன்னால் படித்துவிட்டேன். மாமா ஆறடி நான்கங்குலம் இல்லை, தொப்பியோடு சேர்த்து ஆறடி. பந்து இங்கிலாந்து போகவில்லை, எஸ்டெல் கடைக்குப் பின்னால் சாக்கடையில் கிடந்தது, நான்தான் எடுத்துக் கழுவினேன். ட்ரினிடாட் பற்றி உனக்கே தெரியும், அந்த வருஷம் அவர் அம்மைக்கட்டு வந்து படுத்திருந்தார். கை வலியும் பொய். இப்போதுதான் வெர்லின் ஆன்ட்டி வந்துவிட்டுப் போனார். பன்னிரண்டாவது பெயர் என்னுடையதுதான். மாமா எழுதியதில் உண்மை இது ஒன்றுதான், அதையும் அவர் தெரியாமல்தான் எழுதியிருக்கிறார். ஆகவே பத்தாம் தேதி வரமாட்டேன். கோபிக்காதே, உன் கைக்கு மேலேதான் எறிந்தேன்.

இன்னொன்று. பயிற்சிக்கு வேண்டும் என்று துடைப்பத்தையும் செயின்ட் லூசியாவுக்கு எடுத்துப் போகிறார்கள். அங்கே ஒரு கம்பத்தில் கட்டிவிடுவார்களாம், கம்பம் பேசாது என்று ஆன்ட்டி சொன்னார். மாமாவுக்கு இடம் இல்லை. அவரிடம் இன்னும் சொல்லவில்லை; வெள்ளைச் சட்டைக்கு மறுபடி இஸ்திரி போட்டிருக்கிறார். நீயே ஒரு கடிதம் போட்டுச் சொல்லிவிடு. ஷூவையும் அனுப்பு.